மழைக்கு முந்தி வீட்டைச் சுற்றி ஒரு நடை



மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு டிவிசனில் லயம் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வீட்டு இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டோம். "உள்ளுக்கு வாங்க, ஆனா பாத்துக் கால வைங்க" என்று அந்த வீட்டு அக்கா சொன்னார். உள்ளே தரையெல்லாம் பாத்திரம். வாளி ஒன்று, குண்டா ஒன்று, பால்மா டின் நான்கு, பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசின் ஒன்று. கட்டிலை இழுத்து இழுத்துக் கடைசியில் அடுப்படிப் பக்கம் கொண்டு வந்திருந்தார்கள்.

"எத்தன வருசமா இப்படி ஒழுகுது அக்கா?"

"அது ஆகுதுங்க ஏழெட்டு வருசம். மொதல்ல ஒரு டின்னுதான் வச்சோம்."

"நிர்வாகத்துக்குச் சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்போமா? பெரட்டுல சொன்னோம், ஐயாவக் கண்ட எடத்துல எல்லாம் சொன்னோம்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

அக்கா சிரித்தார். "எழுதி எல்லாம் குடுக்கலிங்க. வாயாலதான்."

மழை விட்டபின் ஒரு பாசைக் கூட்டிக்கொண்டு போய்க் கூரையைப் பார்த்தோம். ஆரம்பம் ஓர் ஆணிதான். ஆணி தளர்ந்திருக்கிறது. அந்தத் துளையால் இறங்கிய தண்ணீர், தகரத்தைத் தாங்கும் குறுக்கு மரமான ரீப்பையை உக்க வைத்திருக்கிறது. ரீப்பை உக்கியதும் பக்கத்து ஆணிகளுக்கும் பிடி இல்லை. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துத் துளையைக் கிழிசலாக்கி விட்டது. ஒரு டின் வைத்த வருசமே ஓர் ஆணியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்று இரண்டு தகரமும் மூன்று ரீப்பையும் கேட்கிறது.

இந்த வீட்டில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, சின்னப் பழுதைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மற்றது, நம்மால் முடியாத பழுதை எழுதிக் கேட்க வேண்டும். இந்த இதழில் இரண்டையும் பார்ப்போம்.

எல்லாப் பழுதுக்கும் தாய் ஒன்றுதான்

நம் வீடுகளில் வரும் பழுதுகளை எண்ணிப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது. சுவர் ஊறுகிறது. மரம் உக்குகிறது. தகரம் துருப்பிடிக்கிறது. தரை ஈரமாகிறது. மழை பெய்தால் கரண்ட் விழுகிறது. பின்பக்க மண் சரிகிறது. பல பழுது போலத் தெரிந்தாலும் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது தண்ணீர். போக வேண்டிய வழியில் போகாத தண்ணீர்.

ஆகவே வீட்டைப் பார்க்கும்போது பழுதைத் தேட வேண்டாம். தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். கூரையில் விழும் மழை எங்கே இறங்குகிறது, இறங்கிய தண்ணீர் எங்கே ஓடுகிறது, ஓடிய தண்ணீர் எங்கே சேர்கிறது என்று பார்த்து வந்தாலே போதும். ஒரு வீட்டைப் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் கூட ஆகாது.

எப்போது பார்ப்பது? ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்போருக்குப் பெரிய மழை வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை நிற்கும். அவர்கள் மாசி, பங்குனியில் பார்க்க வேண்டும். பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை மழை. அவர்கள் ஆடி, ஆவணியில் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் இடிமழை எல்லாப் பக்கத்துக்கும் பொது.

கூரை: ஒழுகும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு

கட்டிலில் தண்ணீர் சொட்டினால் கட்டிலுக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் சரியில்லை. ஓட்டையால் இறங்கிய தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாகவே சரிந்து வந்து, ரீப்பை குறுக்கிடும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தில் இருந்து கூரையின் மேட்டுப் பக்கமாகத் தேட வேண்டும்.

வெயில் நாளில் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, உள்ளே இருந்து அண்ணாந்து பாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை எடுத்து அந்த ஓட்டையால் வெளியே நீட்டி வையுங்கள். மேலே ஏறுபவருக்கு இடம் தேட வேண்டி இராது.

ஓட்டையின் அளவைப் பார்த்து வேலையை முடிவு செய்யலாம்.

1. ஆணி தளர்ந்திருந்தால்: பழைய ஆணியையே திரும்ப அடிப்பதில் பயனில்லை. அதைவிடச் சற்று நீளமான, தலை அகன்ற கூரை ஆணியை வாஷரோடு அடிக்க வேண்டும். ஆணி எப்போதும் தகரத்தின் மேட்டில்தான் இறங்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியில் நாமே ஓட்டை போட்டதாகிவிடும்.

2. ஆணி அளவு ஓட்டை என்றால்: துருவைக் கம்பி பிரசால் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். தார் பூசி, அதன் மேல் உள்ளங்கை அளவு பருத்தித் துணியை ஒட்டி, துணி மறையும்படி திரும்பத் தார் பூசுங்கள். ஈரத் தகரத்தில் தார் ஒட்டாது. இரண்டு நாள் வெயில் கண்டபின் செய்ய வேண்டும்.

3. கைவிரல் நுழையும் அளவு துரு தின்றிருந்தால்: தார் தாங்காது. அந்தத் தகரத்தை மாற்றுவதே சரி. புதுத் தகரம் போடும்போது மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் 6 அங்குலமாவது படிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை வரி முதல் இரண்டு வரி வரை ஏறி இருக்க வேண்டும். பெருங்காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து மூட்டு வாய் இருக்கட்டும்.

அடுப்புக்கு மேலே உள்ள தகரத்தைத் தனியாகப் பாருங்கள். விறகுப் புகையும் நீராவியும் அடித்து அந்த இடம் முந்தித் துருப்பிடிக்கும். புகைக்கரி மூடியிருப்பதால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

தகரம் பறக்காமல் இருக்க மேலே கல், பழைய டயர், மண்மூட்டை வைக்கிறோம். வேறு வழியில்லாத இரவில் அது உதவும். ஆனால் அதையே வருசக்கணக்கில் விட்டு வைத்தால் கல்லுக்கு அடியில் ஈரம் தங்கித் தகரம் அரிக்கும். டயரில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும். காற்றில் உருண்ட கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கூரை ஓரத்திலும் முகட்டிலும் ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு ஆணி இருந்தால் கல் தேவைப்படாது.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் தூசி மூச்சோடு உள்ளே போனால் பல வருசம் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். பாசியைக் கம்பி பிரசால் சுரண்ட வேண்டாம். காய்ந்த தகட்டை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். உடைந்த துண்டுகளை நனைத்து, பொலித்தீனில் சுற்றி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் புதையுங்கள். அந்தத் தகட்டின் மேல் நேராகக் கால் வைக்கவும் கூடாது, சொல்லாமல் உடையும்.

எந்தக் கூரையானாலும் ஈரத்திலும் காற்றிலும் ஏற வேண்டாம். தனியாக ஏற வேண்டாம். ஏணியைக் கீழே ஒருவர் பிடிக்கட்டும். மேலே இரண்டு ரீப்பைக்குக் குறுக்காகப் பலகை போட்டு, பலகையில் நின்று வேலை செய்யுங்கள். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இடுப்பு முறிந்து கிடந்தால், ஒழுகுவதை விடப் பெரிய நட்டம் அதுதான்.

சுவர்: ஈரம் எங்கிருந்து வருகிறது?

தீபாவளிக்கு முந்தி எல்லோரும் வெள்ளை அடிக்கிறோம். பொங்கலுக்குள் அதே இடத்தில் திரும்பவும் கறுப்பு ஏறி விடுகிறது. வெள்ளை அடிப்பது ஈரத்தை மறைக்கும், நிறுத்தாது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

சுவரின் உச்சியில் கறை என்றால் கூரையைப் பாருங்கள். தரையில் இருந்து முழங்கால் உயரம் வரை ஊறியிருந்தால் வெளியே மண்ணைப் பாருங்கள். வெயில் நாளிலும் ஒரே இடத்தில் ஈரம் என்றால் பக்கத்தில் குழாய் கசிகிறதா, மேட்டில் இருந்து ஊற்று வருகிறதா என்று பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். கைக்குட்டை அளவு பொலித்தீன் துண்டை ஈரச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கம் நீர் முத்துக் கட்டினால் ஈரம் வீட்டுக்குள்ளே இருந்து வருகிறது. சமையல் ஆவியும் உள்ளே காயப்போடும் துணியும்தான் காரணம். சன்னலைத் திறந்து வைக்கவும், அடுப்படிப் புகைக்கு வழி விடவும் வேண்டும். சுவரை ஒட்டிய உள்பக்கம் நீர் கட்டினால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. அப்போது வேலை வெளியே இருக்கிறது.

பழைய லயங்களில் நாம் அதிகம் காண்பது, பின்சுவரில் மண் ஏறிக் கிடப்பதுதான். வருசா வருசம் மேட்டு மண் இறங்கி இறங்கி, உள்தரையை விட வெளிமண் உயர்ந்து விட்டிருக்கும். அந்தச் சுவருக்கு எத்தனை தடவை சீமெந்து பூசினாலும் நிற்காது. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, உள்தரையை விட 6 அங்குலமாவது பள்ளமாக்கி, சுவரை விட்டு விலகித் தண்ணீர் ஓடும்படி சரிவு கொடுக்க வேண்டும். ஆனால் சுவரின் அத்திவாரம் தெரியும் அளவுக்குத் தோண்டக் கூடாது. மேட்டையும் நேர்ச் சுவர் போலச் செங்குத்தாக வெட்டக் கூடாது. அப்படி வெட்டிய மேடுதான் மழையில் முந்தி விழுகிறது.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு நல்லதல்ல. உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழி இல்லாமல், பூச்சே பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் காயும்.

வெடிப்பு கண்டால் உடனே அடைக்க வேண்டாம். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டாவிட்டால் அது பழைய வெடிப்பு. தூசியைத் தட்டி, நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் கலந்து அடைக்கலாம். கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், அல்லது கைவிரல் நுழையும் அளவு அகன்றிருந்தால், அது நம் கைவேலை இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை.

கான்: வீட்டின் உயிர் பின்பக்கம் இருக்கிறது

லயத்தின் முன்வாசலை எல்லோரும் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறோம். பின்பக்கக் கானை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டைக் காப்பாற்றுவது பின்பக்கக் கான்தான். மேட்டில் இருந்து வரும் தண்ணீரை அதுதான் வாங்கி வெளியே கொண்டு போகிறது. கான் அடைத்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண்ணுக்குப் பாரம் கூடும், பிடி குறையும். சுவர் ஊறுவதும் மேடு சரிவதும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு வாளி தண்ணீரைக் கானின் மேல் முனையில் ஊற்றுங்கள். அது நிற்காமல் கீழ் முனை வரை போகிறதா என்று பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே மண் ஏறியிருக்கிறது. கானில் வெடிப்பு இருந்தால் சீமெந்தால் அடையுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து குழி பறித்திருந்தால், குழியை நிரப்பித் தட்டைக் கல் பதியுங்கள். பீலி போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. பீலித் தண்ணீரைக் கானில் கொண்டு போய் விட வேண்டும், பக்கத்து வீட்டு முற்றத்தில் அல்ல.

கான் ஒரு வீட்டுக்கு உரியதல்ல. மேல் காம்பராக்காரர் குப்பை போட்டால் கீழ்க் காம்பராக்காரர் வீட்டில் தண்ணீர் ஏறும். ஆகவே இந்த வேலையைச் சிரமதானமாகச் செய்வதே நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தால் பகல் சாப்பாட்டுக்கு முந்தி முழு லயத்தின் கானும் சுத்தமாகிவிடும்.

குழாய்: சொட்டும் தண்ணீர்

குழாயை மூடியும் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் மேலே உள்ள வால்வை மூடுங்கள். குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டு போய் அதே அளவில் ஒன்று வாங்கிப் போடுங்கள். கண்ணால் மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டாவது தடவையும் கடைக்கு நடக்க வேண்டி வரும்.

மூட்டில் கசிந்தால் வெள்ளை நூல் டேப்பைப் பல் உள்ள பகுதியில் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். இறுக்கும் திசையிலேயே டேப்பையும் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது கழன்று வரும். குழாயடியில் தண்ணீர் தேங்காமல் அதையும் கானோடு சேர்த்து விடுங்கள்.

கரண்ட்: இதில் விளையாட்டு இல்லை

"மழ பேஞ்சா ட்ரிப் விழுகுது, அதனால கட்டி வச்சிட்டோம்" என்று ஒரு தம்பி சொன்னார். ட்ரிப் சுவிட்ச் விழுவது தொல்லை கொடுப்பதற்கல்ல. "எங்கோ கரண்ட் ஒழுகுகிறது" என்று அது நமக்குச் சொல்கிறது. அதைக் கட்டி வைப்பது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விடுவது போல.

ட்ரிப் விழுந்தால் இப்படிச் செய்யுங்கள். எல்லாச் சாமான்களின் பிளக்கையும் கழற்றுங்கள். ட்ரிப்பை மேலே தள்ளுங்கள். நின்றால், ஒவ்வொரு பிளக்காகச் செருகி வாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்தச் சாமானில்தான் பழுது. அதைப் பாவிக்க வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தால் பழுது வயரில் இருக்கிறது. மழை நாளில் மட்டும் விழுந்தால், கூரை ஒழுகும் இடமும் வயர் போகும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். வயர் வேலையை அது தெரிந்த ஆளைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

ட்ரிப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது நம்மைக் காப்பாற்றாது, மாற்ற வேண்டும். பியூஸ் போனால் அதற்குரிய கம்பியையே போடுங்கள். தடித்த கம்பி போட்டால் பியூஸ் எரிவதற்குப் பதிலாகச் சுவரில் உள்ள வயர் எரியும்.

லயத்தில் இருப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பல லயங்களில் கூரைக்கு அடியில் காம்பராவுக்குக் காம்பரா தடுப்பு இல்லை. ஒரு மூலையில் பிடிக்கும் நெருப்பு மரத்தோடு மரமாக முழு லயத்துக்கும் ஓடும். ஒரு வீட்டு வயர் பழுது பத்து வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தையும் பிறப்புச் சான்றிதழையும் எரித்து விடலாம்.

பழுது பார்க்கக் கூடாத பழுது

சில அடையாளங்கள் தெரிந்தால் சாந்தும் ஆணியும் எடுக்கக் கூடாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அவை இவை:

முற்றத்திலோ மேட்டிலோ புது வெடிப்பு. நேற்று வரை மூடிய கதவு இன்று திடீரென்று இறுகுவது. மரமும் கரண்ட் கம்பமும் சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது. தெளிந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது திடீரென்று நின்று போவது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருசங்களுக்கு முன்பே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையின் அளவைக் கணக்கில் எடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால், ஆபத்தான இடத்தில் உள்ளவர்கள் வெளியேற வேண்டும்.

இதை நாமே அளக்கலாம். பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள பால்மா டின் ஒன்றை மரமும் கூரையும் இல்லாத வெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையின் அடிமட்டத்தை விட்டுத் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். பிறகு ஊற்றி விடுங்கள். 75 மில்லிமீற்றர் என்பது 3 அங்குலம், 100 என்பது 4 அங்குலம், 150 என்பது 6 அங்குலம். வீட்டுக்குள் ஒழுகலுக்கு வைக்கும் டின்னை வெளியே வைத்தால் அது உயிரைக் காக்கும் டின் ஆகிறது. ஆனால் அளவு குறைவாக இருந்தாலும், மேலே சொன்ன அடையாளம் ஒன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

எது நம் வேலை, எது கேட்க வேண்டிய வேலை?

தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறினாலும் நம்மில் பலர் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறோம். லயத்தில் கூரை மாற்றுவது, சுவர் கட்டுவது, மேட்டுக்கு அணை போடுவது, பிரதான குழாயும் பிரதான கானும் திருத்துவது நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய வேலைகள். ஆணி, வாஷர், வெள்ளை, வீட்டோரக் கான் சுத்தம் ஆகியவற்றை நாம் பார்த்துக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் சுவரை இடித்து வாசல் வைப்பதும் மேட்டை வெட்டிக் காம்பரா இழுப்பதும் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களின் நிலை வேறு. அங்கே கூரையும் சுவரும் கானும் நம் பொறுப்பு. தோட்டத்து பாஸ் வருவார் என்று காத்திருக்க முடியாது. தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது ஒரு சிறு பங்கை வீட்டுக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.

கேட்க வேண்டியதை எழுதிக் கேளுங்கள். பெரிய எழுத்து வேண்டாம். உங்கள் பிள்ளையே எழுதலாம். இப்படி:

"தோட்ட அத்தியட்சகர் அவர்களுக்கு,
நாங்கள் ..... டிவிசன், ..... ஆம் இலக்க லயம், ..... ஆம் இலக்க வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டில் ..... பேர், அதில் ..... சிறு பிள்ளைகள். பின்பக்கக் கூரையில் இரண்டு தகரமும் மூன்று ரீப்பையும் பழுதடைந்து ..... மாதம் முதல் ஒழுகுகிறது. தண்ணீர் கரண்ட் வயரின் மேல் விழுகிறது. மழைக்கு முன் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். எப்போது திருத்தப்படும் என்பதை எழுத்தில் அறியத் தரவும்.
இப்படிக்கு, .....
திகதி ....."

எத்தனை தகரம், எத்தனை அடி என்று அளவு எழுதுங்கள். "வீடு பழுது" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையெழுத்தும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நலன்புரி உத்தியோகத்தருக்கும் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் உள்ள தோட்டத்தில் அங்கும் ஒன்று கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால், முதல் கடிதத்தின் திகதியைச் சொல்லி இரண்டாவது எழுதுங்கள். ஒரு லயத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரே பழுது என்றால் ஐந்து வீடும் சேர்ந்து கையெழுத்து வையுங்கள்.

நாம் முதலில் சொன்ன அக்காவின் வீட்டு அளவுகளை அன்றே எழுதினோம். அவருடைய மகள்தான் எழுதினாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எழுதி முடித்துவிட்டு, "இத எட்டு வருசத்துக்கு முந்தியே எழுதிருக்கலாமே அம்மா" என்றாள். "அப்ப ஒனக்கு எழுதத் தெரியாதே" என்றார் அக்கா.

இப்போது எழுதத் தெரிந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். கையில் ஓர் ஈர்க்கு, ஒரு பென்சில், ஒரு கொப்பி போதும்.